ஒன்பது மணிக்கு வரும் ஆள்

காலை ஒன்பது மணிக்கு ஜெயஷீலா டீச்சரின் முதல் வேலை, அந்த ஆளை வெளியே தள்ளுவது.

கொரோனாவுக்குப் பள்ளி மூடி, பாடம் செல்போனுக்கு வந்திருந்தது. பத்தாம் வகுப்பு, அத்தனையும் பெண் பிள்ளைகள். திரையில் அவர்கள் பெயர்களுக்கு நடுவே 'கடல்ராஜா' என்று ஒருவன் தினமும் வந்து நிற்பான். வாயைத் திறக்குமுன் டீச்சர் நீக்கிவிடுவார். மறுபடி வருவான். மறுபடி நீக்குவார்.

"எவனோ காலிப்பய. நான் இருக்கேன், பயப்படாதீங்க பிள்ளைகளா."

அப்புறம்தான் வருகைப் பதிவு. ஜெர்லினுக்கு மட்டும் இருபத்தாறு நாளாக ஆப்சென்ட்.

அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டால் பள்ளியிலிருந்து பெயரை எடுத்துவிடலாம் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார். பள்ளியில் கொடுத்திருந்த பழைய எண் வேலை செய்யவில்லை. படிவத்தை எடுத்துக்கொண்டு டீச்சரே ஸ்கூட்டரில் திரேஸ்புரம் போனார்.

கடலை ஒட்டிய வீடு. ஜெர்லினின் அம்மா படிவத்தைக் கையில் வாங்கவில்லை.

"யாரு வரல? ஒம்பது மணிக்கு யூனிபாரம் போட்டு உக்காருதா டீச்சர். போனு அவ அப்பாக்குள்ளது. புள்ள படிக்கட்டும்னு இங்கன வச்சிட்டு வெறுங்கையோட கடலுக்குப் போறாவ. காத்தடிச்சா ஒரு தகவல் கெடையாது எங்களுக்கு."

கதவோரம் நின்ற ஜெர்லின் தலையைத் தூக்கவில்லை.

"உள்ள போவேன் மிஸ். ஒடனே வெளிய தள்ளிருது. டவர் இல்லன்னு மாடிக்கு ஓடுவேன். அங்கயும் தள்ளிருது."

டவர். எல்லாப் பிள்ளைகளும் சொல்லும் சாக்கு. இருபத்தாறு நாளும் டவர் இல்லையாமா?

"அப்பா எங்க?" என்றார் டீச்சர்.

அம்மா கரையைக் காட்டினாள். ஃபைபர் படகு ஒன்றை மணலில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் அங்கேயே போய்ப் பேனாவைத் திறந்துகொண்டு நின்றார்.

மீன் ஏலம் விடுகிறவர் தூரத்திலிருந்தே குரல் கொடுத்தார். அந்தக் கரையில் யாரையும் சொந்தப் பெயரால் கூப்பிடுவதில்லை. படகின் பெயர்தான் ஆளுக்கும் பெயர்.

"ஏலே கடல்ராஜா, இன்னைக்கு மீன்பாடு எப்படி?"

ஜெர்லினின் அப்பா அவருக்குக் கையசைத்தார். பிறகு டீச்சரின் கையிலிருந்த தாளையும் பேனாவையும் பார்த்தார். ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டே பக்கத்தில் வந்தார்.

"எங்கன போடணும் டீச்சர்?"