தனித்திருக்கலாம், சேர்ந்தும் வாழலாம்

ஆலயத்தை ஒட்டிய சின்ன அறையில் சாயங்கால வெயில் மேசைமேல் படுத்துக் கிடக்கிறது. கோபித்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போய்விட்ட தையற்காரியும் அவள் கணவனும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள். போதகர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொள்கிறார். "பிரிஞ்சு வந்தவ தனியா இருக்கலாம், இல்லேன்னா புருஷனோட ஒப்புரவாகித் திரும்பச் சேர்ந்துக்கலாம். வேதம் சொல்றது அவ்வளவுதாம்மா." மின்விசிறி கிறீச்சிடுகிறது. பழியெல்லாம் தன் தலையில்தான் விடியப்போகிறது என்று அவள் குனிந்துகொள்கிறாள். "அவளை ஒண்ணும் சொல்லாதீங்க ஐயா," என்கிறான் கணவன். "வாய்க்கு வந்தபடி பேசி வெரட்டினது நான்தான்." இத்தனை வருஷத்தில் அவன் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் முட்டிக்கொண்டு வருகின்றன. "அதை ஏன் ஐயாகிட்ட சொல்றீங்க? என்னைப் பார்த்துச் சொல்லுங்க." நாற்காலியைக் கரகரவென்று இழுத்து அவன் அவள் பக்கம் திரும்புகிறான். சொல்ல வாயெடுத்தவனுக்குக் கண்தான் முதலில் நிறைகிறது.