பிளாஸ்டிக் ரோஜாவுக்கு ஒரு பிடி உரம்

மொட்டைமாடியில் இரண்டு தொட்டிகள் ஒட்டி நின்றன. ஒன்றில் செம்பருத்தி, மற்றதில் பிளாஸ்டிக் ரோஜா. வாடாமல் நிற்கிறதே என்று பூரணி வாராவாரம் ரோஜாவுக்கே மண்புழு உரம் போட்டாள். சத்தில்லாத மண்ணில் வாடிய செம்பருத்திக்குத் திட்டுதான் கிடைத்தது.

“உனக்கு எதுக்குப்பா இவ்வளவு?” என்று கேட்டது செம்பருத்தி.

“எனக்கு வேரே இல்ல. வேணாம்னு சொன்னா அந்தம்மா மனசு கஷ்டப்படும்” என்றது ரோஜா.

“அப்ப நான் எடுத்துக்கவா?”

“தாராளமா. கழுத்துவரைக்கும் நிக்குது.”

செம்பருத்தி அடி ஓட்டை வழியாக வேரை நீட்டி, பக்கத்துத் தொட்டிக்குள் விட்டது. ஒரே மாதத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஏழு பூ பூத்தது.

பூரணிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

“உன்னைப் பார்த்துதான் இதுக்கும் புத்தி வந்திருக்கு” என்று ரோஜாவைத் தடவிக் கொடுத்து, அதற்கு இன்னும் இரண்டு பிடி போட்டாள்.