ஐந்நூறாவது லைக்

சுகிர்தா மறுபடியும் திரையைப் புதுப்பித்தாள். போனில் லைக் எண்ணிக்கை 491.

'என் மனைவி கைக்குழந்தையை அழவிட்டுத் தூங்குகிறாள். என்ன செய்யலாம்?' என்று நகரக் குழுவில் கேட்டிருந்தவன் அவள் கணவன் நிர்மல். முகம் தெரியாத யாரோ பரிவோடு பதில் போட்டிருந்தார்: 'குழந்தையை அரசுக் காப்பகத்தில் ஒப்படைத்துவிடுங்கள், சகோ.' அந்தக் குழுவில் ஐந்நூறு லைக் விழுந்தால் எந்தப் பதிலும் நகராட்சி உத்தரவாகிவிடும். கேள்வியை அழித்தாலும் நிற்காது.

"ஒரு நாள்தான் தூங்கினேன், அதுவும் காய்ச்சல்ல! ஏங்க இப்படி எழுதினீங்க?"

"கொஞ்சம் காரமா எழுதினாத்தானே நாலு பேர் பதில் போடுவாங்க..." என்றான் நிர்மல்.

497. மடியில் குழந்தை கொட்டாவி விட்டது. 499.

சுகிர்தா அவசரமாக அம்மாவுக்குப் போன் போட்டாள். "அம்மா, குழுவுல அவர் கேள்விக்கு வந்த பதிலை..."

"பார்த்தேன்டி! மாப்பிள்ளை போட்டதாச்சே, விடுவேனா? கண்ணாடியைக் காணோம், படிக்க முடியல. இருந்த பதிலுக்கெல்லாம் இப்பத்தான் லைக் போட்டு முடிச்சேன்!"

அழைப்பு மணி அடித்தது.

"பாப்பாவோட துணிமணியை எடுத்து வச்சிடுங்க மேடம்," என்றது வெளியே ஒரு இனிமையான பெண் குரல்.

நிர்மல் தாழ்ப்பாள் போட ஓடினான். அதற்குள் கதவு தானாகவே திறந்துகொண்டது.