அம்மன் குடியேறிய விதம்

"நான் ரம்பம் வைக்க மாட்டேன் சார். ஆத்தா குடியிருக்கா. வேற ஆளப் பாருங்க."

மரம் வெட்ட வந்தவன் கன்னத்தில் போட்டுக்கொண்டு போயே போய்விட்டான்.

ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்த அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

வேப்பமரம் இரண்டு வீட்டுக்கும் நடுவில். காம்பவுண்டுச் சுவரே அதற்கு ஒதுங்கி வழிவிட்டுத்தான் போனது. பக்கத்து வீட்டுச் சௌந்தரபாண்டிக்குக் கார் வந்த நாளிலிருந்து மரம் ஆகவில்லை. காக்கா எச்சம் போடுகிறதாம். எச்சத்துக்குப் பயந்து மரத்தைச் சாய்க்கிற மூளை! இவனெல்லாம் காரில் போனால் என்ன, கட்டை வண்டியில் போனால் என்ன?

அவருக்கு அந்த நிழல் இல்லாமல் முடியாது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் பகலெல்லாம் அதன் அடியில்தான். கெஞ்சிப் பார்த்தார். சண்டை போட்டுப் பார்த்தார்.

"மரம் என் பக்கந்தான் சார் ஜாஸ்தி" என்றான் அந்த மேதாவி.

அதனால்தான், சாமியாவது பூதமாவது என்று வாழ்நாளெல்லாம் பேசிய மனிதர், விடியுமுன் எழுந்து போய் மரத்துக்கு மஞ்சள் துணி சுற்றினார். குங்குமத்தை அள்ளி அப்பினார்.

இந்த முட்டாள்களுக்கு இது போதும்.

போதும்தான்.

ஆடி பிறந்ததும் கூழ் ஊற்றினார்கள். அப்புறம் ஒலிபெருக்கி. சுற்றி வர வழி வேண்டுமென்று இரண்டு பக்கமும் சுவரை இடித்தார்கள். தடுத்தால் தெருவே திரண்டு வரும். கார் நின்ற இடத்தில் தகரக் கொட்டகை. முதலில் அருள் வந்து ஆடியவள் சௌந்தரபாண்டியின் மனைவி. அவன் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பூசாரியாகிவிட்டான். ஆத்தா கனவில் வந்து கேட்டாளாம்.

தூ! எச்சத்துக்குப் பயந்தவன் கனவில்!

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. மத்தியானம் பேப்பரை எடுத்துக்கொண்டு, தன் வீட்டுக் கொல்லை வழியாகவே மரத்தடிக்கு வந்தார்.

பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"சார்" என்றான் சௌந்தரபாண்டி, ரொம்பப் பணிவாக. "செருப்ப அங்கிட்டு விட்டுட்டு வாங்க."

அவர் நின்றது அவருடைய சொந்த மண்.

வாய் வரைக்கும் வந்துவிட்டது. அடேய், உங்கள் ஆத்தா கட்டியிருப்பது என் வீட்டுக்காரியின் கிழிந்த உள்பாவாடை. இந்த ஒரு வரி போதும். கொட்டகை, கனவு, பூசாரி எல்லாம் ஒரே நாளில் காலி.

மறுநாள் ரம்பம் வரும்.

அண்ணாந்து பார்த்தார். கொப்பெல்லாம் வேப்பம்பழம் பழுத்துக் கிடந்தது.

குனிந்து செருப்பைக் கழற்றினார்.