சுகதேகியின் இரத்தம்

என் மனைவி எல்சியின் இரத்தம் இருந்த குழாயை நான்தான் தட்டி விழுத்தினேன்.

மேசை ஒடுக்கம் என்று சொன்னேன். தாதி றிஸ்லா தரையைத் துடைத்தாள். எல்சி மறுபடி கையை நீட்டினாள்.

ஆசுபத்திரிக்கு வந்ததே அவளுக்காகத்தான். கொஞ்சக் காலமாக மனுசியின் நடை சரியில்லை. மாதா கோயில் பூசைக்கு என்னை முந்திப் போய் முதல் வாங்கில் இடம்பிடித்து இருப்பவள், இப்போது என் வேகத்துக்கு இறங்கிவிட்டாள். ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் என் கையை விடுவதேயில்லை. விரலுக்குப் பயிற்சியாம், என் சேட்டுத் தெறிகளைக்கூட அவளே பூட்டுகிறாள். நானும் மந்திரி மாதிரி நின்றுகொடுக்கிறேன்.

நடந்து காட்ட அவளுக்குக் கூச்சம். அதனால் டொக்டர் நிப்றாஸ் முதலில் என்னை நடக்கச் சொன்னார். கடற்படை அணிவகுப்புப் போல நடந்தேன். யாரும் சிரிக்கவில்லை.

இரண்டு வருத்தங்கள் இருக்கின்றன, பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள் என்றார் டொக்டர். ஒன்று பார்கின்சன்; குளிசைக்கு அடங்கும். மற்றது அடங்காது, ஆளைக் கெதியில் படுக்கையில் போட்டுவிடும். அதில் நரம்பு அதிகமாகச் சிதைந்து, அதன் புரதம் இரத்தத்தில் கசியும். அதை அளந்தால் எது என்று பெரும்பாலும் பிடிக்கலாம். ஒப்பிட்டுப் பார்க்க, அதே வீட்டுச் சுகதேகி ஒருவரின் இரத்தமும் வேண்டும்.

நான் சேட்டுக் கையை மடித்துவிட்டேன்.

"எடுங்கோ தங்கச்சி. துறைமுகத்து இரத்தம், கொஞ்சம் உப்பாயிருக்கும்."

முடிவு வரும்வரை எல்சிக்குப் பகிடி விட்டுக்கொண்டேயிருந்தேன். அவள் சமைக்கக் குசினிக்குள் போனதும் மாதாவிடம் பேரம் பேசினேன்: அந்த மற்றது மட்டும் வேண்டாம்.

இன்று டொக்டர் தாளைப் பார்த்துத் தலையாட்டினார்.

"ரெண்டு பேருக்கும் கசிவு குறைவு. மற்றது இல்லை, பார்கின்சன்தான். குளிசையோட கனகாலம் ஓடலாம்."

எல்சி அழுதுவிட்டாள். நான் அவள் முதுகில் தட்டினேன்.

"பாத்தியே, பயந்தாங்கொள்ளி. ஒழுங்காக் குளிசையைப் போடு, பழையபடி என்னை முந்துவாய்."

றிஸ்லா குளிசைப் பையை என் முன்னால் வைத்தாள். அதை எல்சியிடம் தள்ளினேன். அவள் என்னிடம் தள்ளினாள். நான் திரும்பவும் தள்ளினேன். அவளும்.

"என்னப்பா இது? வருத்தம் ஆருக்கு?"

எல்சி கண்ணைத் துடைத்தாள்.

"உங்களுக்கு. டொக்டரிட்ட வாங்கோ எண்டா வந்திருப்பியளே? ஒப்பிட்டுப் பாக்க எடுத்தது என்ர இரத்தம்."