பச்சை டிக்
கண் மருத்துவமனை கவுண்டரின் கண்ணாடியில் காலை வெயில் கூசுகிறது. மாமனார் போனை நீட்டுகிறார். திரையில் பச்சை டிக். பக்கத்தில், 'அறுவை சிகிச்சைக்குப் பதிவாகிவிட்டது'. "உங்க பேரே இல்லையே, ஐயா. இன்னைக்கு இடமும் இல்ல," என்கிறாள் கவுண்டர் பெண். "நல்லா தேடும்மா. இந்த வெப்சைட்டே என் மாப்பிள்ளை செஞ்சதுதான்!" வரிசையில் ஒரு குரல்: "அப்போ ஆபரேஷனையும் அவரையே பண்ணச் சொல்லுங்க." அருகில் நிற்கும் மாப்பிள்ளை சட்டைப் பொத்தானைத் திருகுகிறான். சரக்கை வண்டியில் ஏற்றுமுன்பே 'அனுப்பியாச்சு' என்று மெசேஜ் அடித்துவிடும் வியாபாரி மாதிரி, பெயர் டேட்டாபேஸில் ஏறியதா என்று பார்க்காமலே டிக் காட்டும்படி எழுதியவன் அவன்தான். "நீங்களே சொல்லுங்க மாப்பிள்ளை, இவங்களுக்குத் தேடத் தெரியல," என்று புரை படர்ந்த கண்களை அவன் பக்கம் திருப்புகிறார் மாமனார். தன் முகம் அவருக்குத் தெளிவாகத் தெரியாது என்பதில் அவனுக்கு ஒரு நிம்மதி; அந்த நிம்மதிதான் அவனை இன்னும் குன்றவைக்கிறது.