நாற்பதும் தப்பு

"நாப்பது கேள்வி. நாப்பதும் தப்பு." தேவயானி டீச்சர் டேப்லெட்டை மேசைமேல் நாகேந்திரன் பக்கம் திருப்பி வைத்தார்.

அவன் திரையைப் பார்த்தான். மடித்த காகிதத்தை விரித்தால் எந்த உருவம் வரும், கண்ணாடியில் எது தெரியும், எந்தத் துண்டு இடைவெளியில் பொருந்தும். எல்லாவற்றுக்கும் நேரே சிவப்புப் பெருக்கல் குறி. பத்து வயது மகள் தரணி பக்கத்தில் நின்று தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூணு மாசமா இந்தப் பசில் ஆப்லதான உக்காந்துகினு இருக்கறா?" என்றான். "ஞாயித்துக்கிழம எக்ஸாமு. இவ ஹாஸ்டல் ஸ்கூல்ல சேந்தே ஆவணும் டீச்சர்."

"புத்தூர்ல வேற ஸ்கூலே இல்லியா சார்? கூடவே வெச்சிகினு படிக்க வெக்கலாமே."

"என்னால முடியாது."

மனைவி ஷோபா போன ஆடியில் இறந்ததிலிருந்து அவன் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

டீச்சர் விண்ணப்பத்தை எடுத்தார். "கார்டியன் எடத்துல உங்க அக்கா பேரு இருக்குது. நீங்கதான சார் கையெழுத்து போடணும்?"

"எனக்கு ஷிஃப்டு வேல. கமலம்மா அக்காதான் வந்து போவும். மாட்டக்கூட அது வூட்டுக்கே ஓட்டிவுட்டுட்டேன்."

டீச்சர் டேப்லெட்டை மறுபடி இழுத்து, முதல் கேள்வியிலிருந்து விரலால் தள்ளிக்கொண்டே போனார். பாதியில் விரல் நின்றது.

"சார், ஒவ்வொரு கேள்விக்கும் நாலு ஆப்ஷன். கண்ண மூடிகினு தொட்டாகூட பத்து சரியா வந்திருக்கும்." அவர் தரணியின் பக்கம் திரும்பினார். "நாப்பதும் தப்பா போடணும்னா நாப்பதுக்கும் வெட தெரிஞ்சிருக்கணும். செப்பு தரணி, தெரியுமா தெரியாதா?"

தரணி மெல்லத் தலையாட்டினாள். "தெரியும் மிஸ்."

நாகேந்திரன் அவள் முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தான்.

"ஏம்மா இப்டி பண்ண? நான் டூட்டிக்குப் போனா நாலு செவுத்துக்குள்ள பூட்டிகினு கெடக்கற. அங்க உன் வயசுப் பசங்க இருக்கும். வேளைக்கு சோறு துன்னலாம். அந்த ஸ்கூல் புடிக்கலியா?"

"புடிச்சிருக்குது."

"பரீட்சைன்னா பயமா?"

"இல்ல."

"பின்ன இன்னாதான் ஒனக்கு?"

தரணி அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நான் இங்க இருந்தாதான நைனா நீ சாவாம இருப்ப?"